மடியும் ஸ்டியரிங்கும்

ஆனையூர்,
6.7.2025

அண்ணனுக்கு,

தமிழ்வாணி எழுதுவது. நலம் விசாரிக்க எழுதவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை நானும் அவரும் வெற்றிலை பாக்குத் தட்டோடு கருமாத்தூருக்கு வந்தோம். ரோகிணிக்கு மூன்று வயது ஆகிவிட்டது. ஆவணி பதினைந்தாம் தேதி நம் கோயிலில் முடியிறக்கிக் காது குத்தலாம் என்று இருக்கிறோம். தாய்மாமன் நீ. உன் மடியில்தான் பிள்ளை உட்கார வேண்டும். அதைச் சொல்லத்தான் வந்தோம்.

மலையம்மாள் அண்ணி எங்களை வாசற்படி ஏறவிடவில்லை. "உங்க அண்ணே இல்லத்தா, வண்டிக்குப் போயிருச்சு" என்றது. ஞாயிற்றுக்கிழமை எந்தப் பள்ளிக்கூடத்துக்கு அண்ணே பஸ் ஓட்டுகிறாய்? உன் செருப்பு இரண்டும் வாசலில் கிடந்தன. உள்ளே டிவி ஓடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசப் பேச யாரோ அதன் சத்தத்தைக் குறைத்தார்கள். அண்ணிக்குப் பொய் சொல்ல வராது. அதை ஏன் அந்தப் பாடு படுத்துகிறாய்?

அதற்குப் பிறகு பதினோரு தடவை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. அதனால்தான் ரிஜிஸ்டர் தபால்.

உனக்கு அவர்மேல் இருக்கும் இளக்காரம் எனக்குத் தெரியாததில்லை. மாசி மாதம் ராமக்காள் அத்தை வீட்டுக் கல்யாணப் பந்தியில், "மாப்ள எங்க வேலை பாக்குறீக?" என்று யாரோ கேட்டார்கள். அவர் இருந்ததை இருந்தபடி சொன்னார். "மெட்ராஸ் கம்பெனியில ஆள் குறைச்சுட்டாக மாமா. பதினோரு வருச வேலை போச்சு. ராத்திரி தூக்கமே வரலை. எங்கயாச்சும் வேலை இருந்தாச் சொல்லுங்க." கண் கலங்கித்தான் சொன்னார். அடுத்த இலையில் இருந்த நீ என்ன சொன்னாய்? "மாப்ளைக்கு ஒரு சேலை எடுத்துக் குடுங்கப்பா." பந்தியே சிரித்தது. அவர் எழுந்து கை கழுவிவிட்டு வந்துவிட்டார்.

அந்த மனிதர்தான், "உங்க அண்ணனை விட்டுட்டுக் காது குத்த வேண்டாம், வா, நானும் வாரேன்" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு உன் வீட்டுக்கு வந்தார். வருவாயா மாட்டாயா? இரண்டு வரி எழுது.

தமிழ்வாணி


கருமாத்தூர்,
11.7.2025

தமிழ்வாணிக்கு,

அழகுபாண்டி எழுதுவது. ரிஜிஸ்டர் தபால் கிடைத்தது. போஸ்ட்மேன் கையெழுத்து வாங்கும்போது தெருவே நின்று பார்த்தது. கோர்ட் நோட்டீஸ் என்று நினைத்திருப்பார்கள். எதையும் பத்துப் பேருக்குத் தெரியாமல் செய்யும் வழக்கம் உன் வீட்டில் போய்விட்டது போலிருக்கிறது.

இரண்டு வரி கேட்டாய். நான் வரவில்லை. பேயாண்டியை உட்காரவை. பெரியப்பா மகன், அவனும் உனக்கு அண்ணன்தான். அவன் மடியும் தாய்மாமன் மடிதான். கம்மல், கிடா, பட்டுப்பாவாடை எல்லாம் முறைப்படி வந்து சேரும். ஆள் மட்டும் வராது.

மாப்ளை விஷயத்தை நீயாக எடுத்ததால் சொல்கிறேன். நான் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திருப்பி வாங்க மாட்டேன். காலம் சரியில்லை, ஒத்துக்கொள்கிறேன். அது அவனுக்கு மட்டுமா சரியில்லை? எங்கள் ஷெட்டில் போன வருடம் பன்னிரண்டு டிரைவர்கள் இருந்தோம். இந்த வருடம் ஒன்பது பேர். அதில் நாற்பத்தைந்து தாண்டியவன் நான் ஒருவன்தான். புதிதாக வந்த மேலாளருக்கு இருபத்தாறு வயது. அவன் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கழற்றிப் போடவேண்டிய டயரைப் பார்ப்பதுபோல் பார்க்கிறான். நான் சோற்று இலையைப் பார்த்து அழுதேனா? தூக்கம் வரவில்லை என்று ஊரைக் கூட்டினேனா? காலை ஐந்தே முக்காலுக்குச் சட்டையில் ஒரு சுருக்கம் இல்லாமல் போய் நிற்கிறேன்.

பயம் எல்லா ஆம்பளைக்கும் உண்டு. அதை வேட்டி மடிப்பில் சொருகி வைத்துக்கொண்டு நடக்கிறவன் இருக்கிறான். நடுப்பந்தியில் உதறிக் காட்டுகிறவனும் இருக்கிறான். இரண்டாமவனை நான் மதிக்க வேண்டும் என்று எழுதிக் கேட்காதே. அதுவும் ரிஜிஸ்டர் தபாலில்.

அழகுபாண்டி


ஆனையூர்,
15.7.2025

அண்ணே,

பேயாண்டி மடியா? கூடப் பிறந்தவன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போது நான் பங்காளி மடியைத் தேடி அலைய வேண்டுமா? கோயிலில் கூடும் ஒவ்வொரு கிழவியும் முதலில் கேட்கப்போவது, "அழகுபாண்டி எங்கடி?" என்றுதான். அவனுக்கு எங்கள் வீட்டுக்காரரைப் பார்த்தால் குமட்டும், அதனால் வரவில்லை என்று சொல்லிவிடட்டுமா?

சட்டையில் சுருக்கம் இல்லையாம். அதை ஒரு பெருமை என்று எழுதியிருக்கிறாய். அது அண்ணி தேய்த்துக் கொடுக்கும் சட்டை.

அவர் இப்போது பைக் டாக்சி ஓட்டுகிறார். உனக்குத் தெரியட்டும் என்றுதான் எழுதுகிறேன். போன வாரம் மாட்டுத்தாவணியில் சவாரிக்கு வந்த ஆள் நம் ஊர் ராமக்காள் அத்தையின் மூத்த மகன். இறக்கிவிட்டதும் அவர் ஹெல்மெட்டைக் கழற்றி, "நல்லா இருக்கியளா அண்ணே" என்று கேட்டிருக்கிறார். கழற்றாமல் வந்திருக்கலாம், அந்த ஆளுக்கு அடையாளமே தெரிந்திருக்காது. வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது நான் கோபப்பட்டேன். "ஒளிச்சா நாளைக்கும் ஒளிக்கணும் தமிழு. எனக்கு அம்புட்டுத் தெம்பு இல்லை" என்றார்.

நீ ஒளித்துவைக்கத் தெரிந்தவன். உன் தங்கை தட்டோடு வாசலில் நிற்க, வீட்டுக்குள் ஒளிந்துகொண்டு டிவி சத்தத்தைக் குறைத்தாயே, அந்த வீரத்தை எந்த மடிப்பில் சொருகி வைத்திருக்கிறாய்?

ஒன்றே ஒன்றை மட்டும் நேராகச் சொல். ராம்கி பெற்ற பிள்ளை உன் மடியில் உட்கார்ந்தால் உன் வேட்டி அழுக்காகிவிடுமா? ரோட்டில் மஞ்சள் பஸ் எது போனாலும் "மாமா பஸ்" என்று கையை ஆட்டுகிறது அந்தப் பிள்ளை. அது மாமா இல்லை என்று இன்றிலிருந்து சொல்லிக் கொடுக்கிறேன்.

தமிழ்வாணி


கருமாத்தூர்,
20.7.2025

தமிழ்வாணிக்கு,

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுது. பிள்ளையை இழுத்து எழுதாதே.

உனக்கு விவரம் வேண்டும், அவ்வளவுதானே? படித்துவிட்டுக் கிழித்துப் போடு. உன் புருசனிடம் சொல்லாதே. அவனிடம் சொன்னால் மாட்டுத்தாவணி முழுக்கத் தெரிந்துவிடும்.

எனக்கு வலிப்பு வருகிறது. முதல் தடவை பங்குனி கடைசியில், தோட்டத்து மோட்டார் ரூமில். சுவிட்சைப் போடக் கை நீட்டியது நினைவிருக்கிறது. பிறகு மலையம்மாள் என் நெஞ்சைத் தட்டித் தட்டிக் கத்தியதுதான் நினைவு. இரண்டாவது தடவை வைகாசியில், மத்தியானச் சாப்பாட்டில். தட்டிலேயே முகம் விழுந்தது. மூன்றாவது நீ தட்டோடு வந்ததற்கு முந்தின நாள் காலையில். நாக்கைக் கடித்துவிட்டேன். மறுநாள் நாக்கு வாய் கொள்ளாமல் வீங்கியிருந்தது, நெற்றியில் காயம். அந்தக் கோலத்தில் வெளியே வந்து உன் புருசனுக்கு எதிரில் குளறவேண்டுமா? அதனால் உள்ளே இருந்தேன். டிவி சத்தத்தைக் குறைத்தது நான்தான். நீ என்ன பேசுகிறாய் என்று கேட்பதற்காக.

மதுரையில் நரம்பு டாக்டரைப் பார்த்தாயிற்று. ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு மூளையில் பழைய தழும்பு ஒன்று இருக்கிறது என்றார். இரண்டு வருடத்துக்கு முன் பைக்கில் விழுந்தேனே, அதுவாக இருக்கலாம் என்றார். இருக்கலாம் என்றுதான் சொல்கிறார்கள், யாருக்கும் உறுதியாகத் தெரியவில்லை. காலையும் மாலையும் மாத்திரை. மாத்திரையில் நிற்கலாம், நிற்காமலும் போகலாம். அடுத்தது எப்போது என்று அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

காது குத்தும்போது பிள்ளை அலறும், துள்ளும். ஆசாரி கையில் ஊசி இருக்கும். அந்த நேரம் பார்த்து எனக்கு வந்தால்? பிள்ளையை நான் எங்கே எறிவேன் என்று எனக்கே தெரியாது. என் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாதபோது உன் பிள்ளையை மடியில் வாங்க மாட்டேன். என் வேட்டி அழுக்காகும் என்பதற்காக அல்ல.

இப்போது திருப்தியா? பேயாண்டியிடம் பேசு.

அழகுபாண்டி


ஆனையூர்,
23.7.2025

அண்ணே,

கடிதத்தை நான் கிழிக்கவில்லை. மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுதேன். இரண்டாவது தடவை, அன்று உன் வாசலில் நின்று நான் கத்தியதை நினைத்து வெட்கப்பட்டேன். மூன்றாவது தடவை படித்து முடித்ததும் பேனாவை எடுத்தேன்.

அண்ணே, நீ இன்று காலை எங்கே போனாய்?

ஐந்தே முக்காலுக்குச் சட்டையில் சுருக்கமில்லாமல் ஷெட்டுக்குத்தானே? ஏழாம் நம்பர் பஸ். நாற்பத்திரண்டு பிள்ளைகள் என்று நீதான் சித்திரையில் பெருமையாகச் சொன்னாய். கருமாத்தூரில் கிளம்பி, செக்கானூரணி வந்து, தேனி ரோட்டில் லாரிகளுக்கு நடுவில் ஓட்டிக்கொண்டு போகிறாய். ரோகிணி ஒருத்தியை மடியில் ஐந்து நிமிடம் பிடிக்க நம்பிக்கை இல்லாத கை, நாற்பத்திரண்டு பேரை ஏற்றிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடிக்கிறதா?

மருமகள் என்றால் பயம் வருகிறது. ஊரான் வீட்டுப் பிள்ளை என்றால் வரவில்லை. உன் கடிதத்தில் டாக்டர் ஸ்கேன் பற்றிச் சொன்னார், தழும்பு பற்றிச் சொன்னார், மாத்திரை பற்றிச் சொன்னார். வண்டி ஓட்டுவதைப் பற்றி அவர் ஒன்றுமே சொல்லவில்லையா? அல்லது உன் தொழில் என்ன என்று அவரிடம் நீ சொல்லவே இல்லையா?

என் புருசனை ஆம்பளை இல்லை என்றாய். அவர் வேலை போனதைச் சொல்லி அழுதார், அதனால் யாருக்கு என்ன கெட்டுப்போனது? ஒரு பந்திச் சோறு. நீ சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருக்கிறாயே, அதன் விலையை யார் கொடுப்பார்கள்?

உடனே எழுது. இல்லை, எழுத வேண்டாம். போனை எடு.

தமிழ்வாணி


கருமாத்தூர்,
27.7.2025

தமிழ்வாணிக்கு,

போனை எடுக்க மாட்டேன். நீ அழுவாய், எனக்குக் கேட்கச் சகிக்காது.

டாக்டரிடம் விவசாயம் என்று சொன்னேன். மலையம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்தாள்.

இருபத்திரண்டு வருடம் ஓட்டியிருக்கிறேன். ஒரு பிள்ளை நகத்தில் கீறல் பட்டதில்லை. ஸ்டியரிங்கில் உட்கார்ந்தால் என் உடம்பு வேறு உடம்பு. வந்த மூன்றும் வீட்டிலும் தோட்டத்திலும்தான் வந்தன. ரோட்டில் வந்ததில்லை. மாத்திரை விடாமல் சாப்பிடுகிறேன். தலை நரைத்த டிரைவர் ஒருவன் சர்க்கரை இருக்கிறது என்று அந்த மேலாளரிடம் உண்மையைச் சொன்னான். மறுவாரம் டியூட்டிப் பலகையில் அவன் பெயர் இல்லை. நான் சொன்னால் என்ன செய்வார்கள் என்று நினைக்கிறாய்? மாலை போடுவார்களா?

பஸ்ஸை விட்டால் நான் யார்? இந்த ஊரில் என்னை அழகுபாண்டி என்று எத்தனை பேர் கூப்பிடுகிறார்கள்? "ஏழாம் நம்பர் அண்ணே" என்றுதான் சின்னப் பிள்ளைகள்கூடக் கூப்பிடும். நாளை முதல் "காக்காவலிப்புக்காரன்" என்பார்கள். டீக்கடையில் எனக்குத் தனி டம்ளர் வைப்பான். நம் சனத்தை எனக்குத் தெரியும், நானே அப்படிப் பேசியிருக்கிறேன். கீழத்தெரு மாரி தேர்த்திருவிழாவில் கை கால் இழுத்துக்கொண்டு விழுந்தபோது முதலில் சிரித்தவன் நான்.

உன் புருசனுக்கு இளைய வயது. விழுந்தால் எழுந்து பைக்கில் உட்காரலாம். நான் எதில் உட்காருவது?

நீ யாரிடமாவது வாயைத் திறந்தால் எனக்குத் தங்கை இல்லை. இதைக் கோபத்தில் எழுதவில்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

அழகுபாண்டி


ஆனையூர்,
31.7.2025

அண்ணே,

உனக்குத் தங்கை இல்லாமல் போகட்டும். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு நான் செக்கானூரணி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் நிற்பேன். அது உன் மூன்றாவது ஸ்டாப். பிள்ளைகளை ஏற்றிவிட அங்கே ஏழெட்டுத் தாய்மார்கள் நிற்பார்கள். நீ வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தால், படியில் ஒரு பிள்ளை கால் வைப்பதற்கு முன் அவர்களிடம் சொல்லிவிடுவேன். உன் பெயர், உன் நோய், மூன்று தடவை, எல்லாவற்றையும். பள்ளிக்கூடத்துக்கு இன்றே போன் செய்திருக்கலாம். செய்யாததற்குக் காரணம் ஒன்றுதான். நான் சொன்னால் நீ பிடிபட்டவன் ஆவாய். நீயாகச் சொன்னால் சொன்னவன் ஆவாய். திங்கட்கிழமைக்கு முன் வண்டி ஓடும் நாள் நாளை ஒன்றுதான். நாளைக்கு லீவு சொல்லச் சொல்லி அண்ணியிடம் போனில் பேசிவிட்டேன். சாவியை எடுத்து ஒளித்துவைத்துவிட்டதாக அண்ணி சொன்னது. அதற்கும் ஒளிக்கத் தெரிந்திருக்கிறது.

நான் யோக்கியம் என்று எழுதவில்லை. மாசி மாதம் பந்தியே சிரித்தது என்று எழுதினேன். நானும் சிரித்தேன். பாயசம் ஊற்றிக்கொண்டிருந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தேன். அவர் என்னைப் பார்த்தார். இந்த ஆறு மாதத்தில் அதைப் பற்றி அவர் கேட்டதில்லை. நேற்றுத்தான் நானாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். "தெரியும்" என்றார். அந்த ஒரு வார்த்தையைக் கேட்பதற்கு எனக்கு ஆறு மாதம் பயம். கேட்ட பிறகும் லேசாகிவிடவில்லை. ஆனால் அவர் முகத்தைப் பார்த்துச் சோறு போட முடிகிறது.

ஏழு மணி. நான் நேரத்துக்கு வந்துவிடுவேன்.

தமிழ்வாணி


கருமாத்தூர்,
10.8.2025

தமிழ்வாணிக்கு,

நீ செக்கானூரணியில் ஏழு மணியிலிருந்து ஏழு நாற்பது வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றதாகப் பழக்கடைக்காரர் சொன்னார். ஏழாம் நம்பர் அன்று நாற்பது நிமிடம் லேட். அதற்குக் காரணம் நான்தான். என்ன நடந்தது என்பதை வரிசையாக எழுதுகிறேன். கண் காது மூக்கு வைத்து நாலு பேர் உன்னிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது நல்லது.

வெள்ளிக்கிழமை லீவு போட்டேன். திங்கட்கிழமை ஐந்தே முக்காலுக்கு ஷெட்டுக்குப் போனேன். மாற்றுச் சாவி அங்கேயே ஆணியில் தொங்கும், மலையம்மாளுக்கு அது தெரியாது. வண்டியை ஸ்டார்ட் செய்தேன். கேட் வரை இருபது அடி ஓட்டினேன். கேட்டுக்குப் பக்கத்தில் வாட்ச்மேன் வேலை பார்க்கும் தங்கப்பொண்ணு தன் பேத்தியைச் சீருடையோடு கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் ஆளாக ஏற்றிவிடுவது வழக்கம். பிள்ளை என் சீட்டுக்குப் பின்னால்தான் உட்காரும். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். உன் மிரட்டலுக்குப் பயந்து அல்ல. இருபது அடியில் நான் ரோட்டைப் பார்க்கவில்லை, என் கையையே பார்த்துக்கொண்டு ஓட்டினேன். அப்படி ஓட்டுகிறவன் டிரைவர் இல்லை.

மேலாளரிடம் சொன்னேன். எனக்கு வலிப்பு வருகிறது, மூன்று தடவை வந்திருக்கிறது, இனி ஓட்ட மாட்டேன். வானம் இடிந்து விழும் என்று நினைத்தேன். அந்தப் பயல் போனிலிருந்து தலையைத் தூக்கி, "காலங்காத்தால இதைச் சொன்னா எப்படிண்ணே? ஏழாம் நம்பருக்கு நான் ஆளுக்கு எங்க போறது?" என்றான். அவ்வளவுதான். நாலு மாதமாக நான் பொத்திப் பொத்திக் காத்தது அவனுக்கு ஒரு ஆள் பற்றாக்குறை.

ஒன்பது மணிக்குத் தாளாளர் கூப்பிட்டார். அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். "எத்தனை மாசமாத் தெரியும்? தெரிஞ்சேவா எம்பிள்ளைகளை ஏத்திக்கிட்டுப் போன?" நாலு மாதம் என்றேன். வெளியே போ என்றார். அது அநியாயம் என்று உன்னிடம் சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்தால் கை நீட்டியிருப்பேன்.

டாக்டரிடமும் போய் உண்மையான தொழிலைச் சொன்னேன். அவர் பேனாவை மூடிவைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வையை எழுத முடியாது. மாத்திரையைக் கூட்டியிருக்கிறார்.

ஊருக்குத் தெரிந்துவிட்டது. தனி டம்ளர் வைப்பான் என்று எழுதினேன். ஒருவன் வைத்தான். அந்தக் கடைக்கு இனிப் போக மாட்டேன். ஆனால் அதைவிடப் பெரிய தொல்லை ஒன்று இருக்கிறது. ஆளாளுக்கு என்னிடம் வந்து அவனவன் நோயைச் சொல்கிறான். பேயாண்டிக்கு இரண்டு வருடமாக இடது காது கேட்காதாம். நாம் திமிர் என்று நினைத்தது காதாம். அதை என் பக்கத்தில் உட்கார்ந்து, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்கிறான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. டீ வாங்கிக் கொடுத்தேன். ஒரு ஊர் நிறைய ஆம்பளைகள் இம்புட்டு ஓட்டையை வைத்துக்கொண்டா இத்தனை நாள் மீசையை முறுக்கினோம்? கேவலம். முதல் கேவலம் நான்தான்.

காதுகுத்துக்கு வாரேன். பிள்ளையை மடியில் வைத்துக்கொள்கிறேன். மாப்ளை என் வலது பக்கத்தில் ஒட்டி உட்காரட்டும், ஒரு கையைப் பிள்ளை இடுப்பில் போட்டுக்கொண்டு. அப்பனை அந்த இடத்தில் உட்கார வைக்கும் முறை நமக்கு இல்லை. கேட்கிறவனுக்கு நானே பதில் சொல்கிறேன். மாப்ளையிடம் நான் பேச வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைத் தபாலில் எழுத மாட்டேன், பந்தியில் சொல்கிறேன். பத்துப் பேர் இருக்கும்போது.

கடைசியாக, நீ தெரிந்துவைத்திருக்க வேண்டியது. கோயிலில் எனக்கு வந்துவிட்டால் நம் சனம் அத்தனையும் சாவிக்கொத்தைத் தூக்கிக்கொண்டு ஓடிவரும், கையில் இரும்பைத் திணிக்க. ஒருத்தனையும் கிட்ட விடாதே. இரும்பு ஒன்றும் செய்யாது. வாயில் ஸ்பூன், துணி எதுவும் வைக்கக் கூடாது. கை காலை அமுக்கிப் பிடிக்கக் கூடாது. தலைக்குக் கீழே துண்டை மடித்து வை. ஒருக்களித்துப் படுக்க வை. மணியைப் பார். இரண்டு மூன்று நிமிடத்தில் நின்றுவிடும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆஸ்பத்திரி. வேட்டி விலகியிருந்தால் இழுத்துவிடு, நனைந்திருந்தால் எதையாவது போட்டு மூடு.

கண் முழித்ததும் கொஞ்ச நேரம் எனக்கு எதுவும் விளங்காது. உன்னையே பார்த்து, யார் நீ என்று கேட்பேன். மலையம்மாளைக் கேட்டிருக்கிறேன், அவள் அழுதுவிட்டாள். நீ அழாதே. நீ யார் என்று சொல். திரும்பக் கேட்டால் திரும்பச் சொல்.

அழகுபாண்டி